டியூப்லைட் உபயமும் பந்தயக் கார் ஸ்டிக்கரும்

கோயில் மண்டபத்தில் எரியும் டியூப்லைட்டின் பாதி வெளிச்சத்தை ‘உபயம்’ என்ற எழுத்தும் கொடுத்தவரின் பெயரும் மறைத்துக்கொண்டிருக்கும். பார்த்துச் சிரிப்போமே தவிர, அதைத் தவறென்று யாரும் சொல்வதில்லை. கொடுத்தவருக்குப் பெயர் வேண்டும், அவ்வளவுதான். திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா நோட்டீஸில் மண்டகப்படிக்காரர்களின் பெயர் வரிசை, சுற்றுவட்டார ஜல்லிக்கட்டில் பீரோவும் பைக்கும் கொடுப்பவரின் பெயரை மைக்கில் மூன்று தடவை சொல்வது, கபடிப் போட்டிக் கோப்பையில் கடைப்பெயர் என்று இந்த ஊருக்குக் கொடுக்கவும் தெரியும், கொடுத்ததைச் சொல்லிக்கொள்ளவும் தெரியும். கார் பந்தயத்தில் ஓட ஆசைப்படும் இளைஞரோ இளம்பெண்ணோ, கையில் ஒரு ஃபைலுடன் ரத வீதிகளில் கடை கடையாக ஏறும்போது இந்தப் பழக்கத்துக்குள்தான் நுழைகிறார். முதலாளி மனதில் ஓடுவது உபயம். கேட்பவர் மனதில் ஓடுவது உதவி. சட்டமோ இரண்டையும் ஏற்பதில்லை. அதன் கண்ணில் இது விளம்பர வியாபாரம். காரின் பக்கவாட்டில் ஓரிடத்தை ஒருவர் விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதன்படி பேசி, எழுதி, பில் போட்டுக்கொள்பவருக்கே உரிமை உண்டு. உபயமாகவே வைத்துக்கொள்பவர் பணத்தையும் இழக்கலாம், உறவையும் இழக்கலாம். இந்தக் கட்டுரை வாதிடப்போவது இது ஒன்றைத்தான்.

தமிழ்நாட்டின் பந்தய வரலாறே இதற்குச் சாட்சி. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தி, பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்தது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த தடத்துக்கு, உள்நாட்டிலேயே பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவரதனின் பெயர். இந்தத் தடங்களில் ஓடிய போட்டிகளின் பெயர்களைப் பாருங்கள்: எம்.ஆர்.எஃப்., ஜே.கே. டயர், எல்.ஜி.பி. முதல் இரண்டும் டயர் விற்பவை. மூன்றாவது, வண்டிச் செயின் செய்யும் கோவை நிறுவனம். டயரும் செயினும் வாங்கப்போகிறவர்கள் பந்தயம் பார்க்கிறவர்களுக்குள் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் இவை பணம் இறக்கின. 2005இல் கோவை நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் காரில் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்த முதல் இந்தியரானபோது, அந்தக் காரில் டாடா பெயரும் இருந்தது. உலகச் சந்தையில் பெயர் பதிக்க நினைத்த நிறுவனத்துக்கு அது பொருத்தமான இடம். யாரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை.

இந்தக் கணக்கைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தால் பாதி நிறுவனங்களின் கதவு தானாகவே மூடிக்கொள்ளும். அதில் வருத்தப்பட ஏதுமில்லை. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை நூலை விற்பது நெசவாலைகளுக்கு. செட்டிபாளையத்தில் கைதட்டும் கூட்டத்தில் அதன் வாடிக்கையாளர் ஒருவர்கூட இருக்கமாட்டார். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்கும் அப்படியே. தோல் பதனிடும் ஷாப்புக்கும் அப்படியே. ஆனால் வாகன விற்பனையகம், டயர் கடை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, கோவையிலும் சென்னையிலும் கிளை போட்டிருக்கும் பிரியாணிக் கடை, மாணவர் சேர்க்கைக்கு ஆள் தேடும் பொறியியல் கல்லூரி ஆகியோருக்குப் பந்தய ஓட்டுநரால் நிஜமாகவே பயன் உண்டு. அந்தப் பயனும் தடத்தில் கிடைப்பதைவிட ஊருக்குள்தான் அதிகம் கிடைக்கும். அமெச்சூர் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர் குறைவு. ஷோரூம் வாசலில் நிற்கும் பந்தயக் காரோடு படம் எடுத்துக்கொள்ள வரும் கூட்டம் அதைவிடப் பெரிது. ஆக, விற்பனைக்கு இருப்பது ஸ்டிக்கர் ஒட்டும் இடம் மட்டுமில்லை; ஓட்டுநரின் நேரம், முகம், வீடியோ, கல்லூரியில் ஒரு மணி நேரப் பேச்சு எல்லாமே சரக்கு. இதை விலைப்பட்டியலாகப் போட்டுக் கொடுக்கத் தெரியாதவர்தான், “அண்ணாச்சி, ஏதாவது பார்த்துச் செய்யுங்க” என்று நிற்க நேர்கிறது. பந்தயச் சரக்கை விற்கப் போகும் முன், அந்தப் போட்டித் தொடரின் துணை விதிகளையும் படித்துவிட வேண்டும். நடத்தும் நிறுவனத்தின் ஸ்டிக்கருக்கென்று காரில் இடம் ஒதுக்கியிருக்கும். அவர்களுக்குப் போட்டியான டயர் பெயரை ஒட்டவும் விடமாட்டார்கள். தன்னிடம் இல்லாத இடத்தை விற்றுவிட்டுப் பிறகு முழிப்பது பெரிய அவமானம்.

உபயமாக வாங்குவதால் என்ன நஷ்டம்? வருமான வரியிலிருந்தே தொடங்கலாம். ஒரு கடைக்காரர் மூன்று லட்சம் ரூபாயை ‘தம்பிக்கு என் அன்பளிப்பு’ என்று கொடுக்கிறார். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வரும் அன்பளிப்பு முழுவதும் வாங்கியவரின் வருமானமாகக் கணக்காகும். அது வியாபார வருமானமில்லை என்பதால், அந்தப் பணத்தில் வாங்கிய டயரையும் கட்டிய நுழைவுக் கட்டணத்தையும் செலவாகக் கழிக்க வழி கிடைக்காது. கொடுத்தவர் நிலையும் அதுதான். தனிநபருக்குக் கொடுத்த நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது. அதே மூன்று லட்சம் விளம்பர ஒப்பந்தத்தின் பேரில் வங்கி வழியாக வந்தால் கதை மாறிவிடுகிறது. கடைக்காரர் அதை வியாபாரச் செலவில் எழுதலாம். ஓட்டுநர் டயர், பெட்ரோல், பயணம், நுழைவுக் கட்டணம் அத்தனையையும் பில் வைத்துக் கழித்து, மிஞ்சினால் மட்டும் வரி கட்டலாம். ஆதரவு ஒப்பந்தமும் விளம்பர வேலைக்கான ஒப்பந்தம்தான் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1995ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. அதனால் பிடித்தம் செய்யக் கடமைப்பட்ட நிறுவனம் ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுக்கும். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் இருபது சதவீதமாகிவிடும். பணத்துக்குப் பதில் ஹெல்மெட், டயர், ஓவரால் என்று பொருளாகக் கொடுத்தாலும் வரி உண்டு. ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட பொருட்பயனுக்குப் பத்து சதவீதப் பிடித்தம் 2022 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பொருளுக்கு இது இல்லை என்பதால், அந்தப் பொருள் சொந்தமா இரவலா என்று எழுதிக்கொள்வது அவசியம். (வருமான வரிச் சட்டமே 2026 ஏப்ரலில் புதிதாகிவிட்டது. பழைய பிரிவு எண்ணைச் சொல்லி ஆடிட்டரைக் குழப்ப வேண்டாம், விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள்.)

ரொக்கம் இன்னொரு கண்ணி. கடைவீதியில் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரித் துறை கடைக்காரரின் கணக்கில் ஏற்காது. இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஜி.எஸ்.டி.யும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது. தனிநபரான ஓட்டுநர் ஒரு கம்பெனிக்கோ பங்குதாரர் நிறுவனத்துக்கோ ஆதரவுச் சேவை கொடுத்தால், 18 சதவீத வரியைக் கட்டும் பொறுப்பு வாங்குகிறவர் மீதே விழும். கடை ஒருவரின் தனியுரிமையாக இருந்தால் பொறுப்பு ஓட்டுநர் பக்கம் திரும்பும், அதுவும் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். திண்டுக்கல்லில் பெரும்பாலான கடைகள் தனியுரிமைதான் என்பதால் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுவது நல்லது. இன்னொன்றையும் சொல்லிவிடலாம். இந்த விளையாட்டில் அப்பாவின் நிறுவனமே மகனுக்கு ஸ்பான்சர் ஆவது சகஜம். அந்தச் செலவால் வியாபாரத்துக்கு என்ன லாபம் என்று வரி அதிகாரி கேட்பார். உறவினருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்த பகுதியை வெட்டவும் செய்வார். அந்த வீடுகளுக்கும் ஒப்பந்தம் வேண்டும்.

பெரிய கம்பெனிகளிடம் போகிறவர்கள் ‘சி.எஸ்.ஆர். நிதி’ என்ற மந்திரத்தை உச்சரிப்பதுண்டு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும்; தேசிய அளவில் அங்கீகாரம் பெற்ற விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இவ்வளவும் உண்மைதான். ஆனால் தன் பொருளுக்கு விளம்பரம் தேடிக் கொடுக்கும் ஸ்பான்சர் பணத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2021ஆம் ஆண்டு விதித் திருத்தம் சொல்கிறது. காரில் லோகோவும் வேண்டும், அந்தத் தொகையை சி.எஸ்.ஆர். கணக்கிலும் எழுத வேண்டும் என்றால் நடக்காது. பயிற்சிக்கு நிதி கேட்பதானால் பதிவுபெற்ற அமைப்பு வழியாக, லோகோ பேச்சே இல்லாமல் கேட்க வேண்டும். விளம்பரம் விற்பதானால் மார்க்கெட்டிங் மேலாளரின் மேசைக்குப் போக வேண்டும். தவறான மேசையில் ஆறு மாதம் காத்திருந்து சீசனையே தவறவிடுவது, ஏமாற்றுக்காரனிடம் சிக்குவதைவிடக் குறைந்த நஷ்டமில்லை.

யாருடைய பணத்தை வாங்கக் கூடாது என்பது அடுத்த கேள்வி. திண்டுக்கல்லுக்குப் புகையிலையோடு பழைய உறவு. இந்த ஊர்ச் சுருட்டு கடல் கடந்து போன காலம் உண்டு. உலகப் பந்தயமும் பல பத்தாண்டுகள் சிகரெட் பணத்தில்தான் ஓடியது. 1968இல் லோட்டஸ் கார் சிகரெட் பெட்டியின் நிறத்தைப் பூசிக்கொண்டது. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த விளம்பரத்துக்குத் தடை விதித்தது. இந்தியாவில் 2003ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 5ஆவது பிரிவு, ஆதரவுத் தொகைக்கோ பரிசுக்கோ உதவித்தொகைக்கோ ஈடாகப் புகையிலைப் பிராண்டின் பெயரைப் பரப்ப ஒப்புக்கொள்வதையே குற்றமாக்குகிறது. முதல் தடவைக்கு இரண்டாண்டு வரை சிறை வைக்கலாம். கொடுத்தவரோடு வாங்கியவரும் மாட்டுவார் என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்தால், 2025ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். மதுப் பெயரில் சோடா, புகையிலைப் பெயரில் பாக்கு என்று மாறுவேடத்தில் வரும் விளம்பரத்தை 2022ஆம் ஆண்டு நுகர்வோர் வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன. பொய் விளம்பரத்துக்கு முகம் கொடுத்தவருக்கு முதல் தடவை பத்து லட்சம், அடுத்து ஐம்பது லட்சம் வரை அபராதம் விதிக்கவும், முதல் தடவை ஓராண்டு வரை, அடுத்து மூன்றாண்டு வரை விளம்பரமே செய்யக் கூடாதென்று தடுக்கவும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. ‘விசாரித்துத்தான் ஒப்புக்கொண்டேன்’ என்று நிரூபிக்க முடிந்தால் தப்பிக்கலாம். விசாரித்ததற்குக் காகிதம் வேண்டும்.

இவற்றையெல்லாம்விட நம் பக்கத்தில் நிஜமாகப் பயப்பட வேண்டியது, மாதம் இவ்வளவு வட்டி என்று ஆசை காட்டும் நிதி நிறுவனங்களுக்குத்தான். அவர்களுக்கு வேண்டியது நம்பகமான முகம். தாராளமாகக் கொடுப்பார்கள், பேரமே பேசமாட்டார்கள், நாளைக்கே படம் எடுக்கலாம் என்பார்கள். உள்ளூர்ப் பையனின் ஹெல்மெட்டில் பெயர் இருக்கிறதே என்று நம்பி நிலக்கோட்டைப் பூ விவசாயி பணம் போட்டு, அது முங்கிப்போனால், அவர் முதலில் வந்து நிற்பது ஓட்டுநரின் வீட்டு வாசலில். ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களுக்கு விளம்பரம் செய்வதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் பட்டியலில் பெயர் இருக்கிறதா, சீட்டு நிறுவனம் என்றால் பதிவு இருக்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும்.

நல்ல ஸ்பான்சர் கிடைத்தாலும் எழுதாமல் விட்டதில்தான் சண்டை முளைக்கும். 2010இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் ஃபார்முலா ஒன்னில் எச்.ஆர்.டி. அணிக்காகப் பத்துப் பந்தயம் ஓடிய பிறகு அவர் இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்தார். மறு ஆண்டு அதே அணியில் நரேன் கார்த்திகேயனின் இருக்கைக்கு, ரெட்புல் தயவில் வளர்ந்துவந்த டேனியல் ரிக்கியார்டோ சீசன் நடுவில் வந்தார். அந்த ஆண்டின் இந்தியப் பந்தயத்தில் நரேனுக்கு மறுபடியும் இடம் கிடைத்தது. உச்சியிலேயே இருக்கை இப்படி மாறும் என்றால், அணிக்குப் பணம் கட்டி இருக்கை வாங்கும் அமெச்சூருக்கு என்ன உத்தரவாதம்? ஆறு சுற்றில் ஓடுவேன் என்று ஸ்பான்சரிடம் வாங்கிவிட்டு மூன்றாவது சுற்றில் இருக்கை போனால் மீதிப் பணம் யாருடையது? பந்தயமே நடக்காவிட்டால்? சென்னைத் தீவுத்திடல் சாலைப் பந்தயம் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து, கடைசியில் 2024 ஆகஸ்ட் 31லும் செப்டம்பர் 1லும்தான் நடந்தது. அந்த ஒரு வார இறுதியை நம்பிப் பணம் கொடுத்தவருக்குத் தேதி தள்ளினால் என்ன, ரத்தானால் என்ன என்று இரண்டு வரி எழுதியிருந்தால் சண்டைக்கே வேலையில்லை. எழுதாவிட்டால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதிகளைத் தேடிப் போக வேண்டும். நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தத்தில் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆனால் பணம் ஏற்கெனவே டயராகித் தேய்ந்திருக்கும்.

கொடுப்பவர் கைவிரிப்பதும் நடக்கும். 2019இல் ஃபார்முலா ஒன்னின் ஹாஸ் அணியின் பெயரோடு தன் பெயரையும் சேர்த்துக்கொண்ட ரிச் எனர்ஜி என்ற பான நிறுவனம், சீசன் பாதியில் ட்விட்டரிலேயே ஒப்பந்தத்தை முறித்ததாக அறிவித்தது. அதற்கு முன்பே அதன் லோகோ ஒரு சைக்கிள் நிறுவனத்துடையதைப் பார்த்துச் செய்தது என்று இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பணம் கொடுப்பவரின் பெயரும் சின்னமும் அவருடையதுதானா என்று ஓட்டுநர் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்கலாம்; பிரியாணிக் கடைப் பெயருக்காக உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2015இல் நெதர்லாந்து ஓட்டுநர் கீடோ வான் டெர் கார்டு, தன்னோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு வேறு இருவருக்கு இருக்கை கொடுத்த ஃபார்முலா ஒன் அணியான சாபரை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில நீதிமன்றத்தில் நிறுத்தினார். கையில் கையெழுத்திட்ட காகிதம் இருந்தது. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, அணி இழப்பீடு கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. சின்ன மனிதர் பெரிய நிறுவனத்தை எதிர்க்க அந்தக் காகிதம்தான் கைகொடுத்தது.

ஆகவே காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்? தொகை, தவணைத் தேதி, காரில் எந்த இடம் எத்தனை அங்குலம், எத்தனை பந்தயம், ஓட்டுநர் எத்தனை நாள் நேரில் வருவார், அவர் படத்தை எதுவரை பயன்படுத்தலாம் ஆகியவற்றைப் பெரும்பாலோர் எழுதிவிடுகிறார்கள். மறப்பது வேறு மூன்று. போட்டிக் கடையின் பணத்தை வாங்கக் கூடாது என்ற தடை எந்தப் பொருளுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பது ஒன்று. விபத்திலோ வழக்கிலோ ஸ்பான்சருக்கு நேரும் நஷ்டத்தையெல்லாம் ஓட்டுநர் ஈடுசெய்வார் என்று சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும் வரி இன்னொன்று. அதைக் கண்டால் அடிக்கச் சொல்லுங்கள். தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பது மூன்றாவது. மும்பையிலோ டெல்லியிலோ நடுவர் தீர்ப்பு என்று போட்டிருந்தால், ஐம்பதாயிரம் ரூபாய்ப் பாக்கிக்கு ரயில் ஏறிப்போக எவரும் துணியமாட்டார், எழுதியவருக்கும் அது தெரியும். திண்டுக்கல் நீதிமன்றம் என்று எழுதுங்கள். ஸ்பான்சருக்கு நன்றி சொல்லி பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைப்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கும் வழக்கம் பரவுகிறது. அனுமதியில்லாத பேனருக்கு எதிராக உயர் நீதிமன்றம் எத்தனை தடவை சொன்னாலும் நமக்கு அந்த ஆசை விடுவதில்லை.

பதினெட்டு வயது நிரம்பாதவர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் கோ-கார்ட் பந்தயத்தில் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே இறங்கிவிடுகிறார்கள். மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1903இல் மோகரி பீவி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்தது, இன்றும் அதுவே சட்டம். பிள்ளை தப்பித்துக்கொள்ளும் என்று இதைப் படித்து மகிழும் பெற்றோர் ஒன்றை மறக்கிறார்கள். அவர்கள் தங்கள் பெயரில் கொடுக்கும் உத்தரவாதம் அவர்களைக் கட்டும், வீட்டுப் பத்திரம் வரை அது போகும். ‘பெரிய ஆளானால் சம்பாத்தியத்தில் இவ்வளவு சதவீதம்’ என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைமேல் பணம் கட்டும் முதலீட்டாளர்களும் வருகிறார்கள். அந்தப் பங்கைப் பிள்ளையிடம் வசூலிக்கச் சட்டம் துணைநிற்காது. அதனால்தான் அவர்கள் கையெழுத்தைப் பெற்றோரிடம் கேட்கிறார்கள்.

உயிரைப் பற்றியும் பேச வேண்டும். சென்னைத் தடத்தில் 2023ஆம் ஆண்டில் மட்டும் அனுபவமிக்க ஒரு கார் ஓட்டுநரும், பதின்மூன்று வயதுப் பைக் ஓட்டுநர் ஒருவரும் இறந்தார்கள். மருத்துவக் காப்பீடுகளில் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்கு ஒன்று உண்டு. மோட்டார் பந்தயம் போன்ற ஆபத்து விளையாட்டில் ‘தொழில்முறையாக’ ஈடுபட்டு அடிபட்டால் பணம் கிடையாது. அமெச்சூர்தானே என்று நிம்மதியாக இருக்கலாம், ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் ‘தொழில்முறைப் பந்தய ஓட்டுநர்’ என்று பெருமைக்காக எழுதும்வரை. அந்த ஒரு சொல் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீலுக்கு வெல்லக் கட்டி. சாதாரணக் கார் காப்பீடோ, ஏற்பாடு செய்த பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தவே பொருந்தாது. எனவே போட்டி உரிமத்தோடும் நுழைவோடும் என்ன காப்பீடு வருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கி, பற்றாததற்குத் தனிப் பாலிசி எடுத்து, அந்தப் பிரீமியத்தையும் ஸ்பான்சர் தொகைக்குள் அடக்கிவிட வேண்டும். டயருக்குக் கேட்கக் கூச்சப்படாதவர்கள் இதற்கு ஏன் கூச்சப்படுகிறார்களோ தெரியவில்லை.

ஸ்பான்சர் ஆசையில் பொதுச் சாலைக்குப் போகிறவர்களும் உண்டு. சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளிலும் நான்குவழிச் சாலையிலும் வேகம் காட்டும் வீடியோவுக்குப் பார்வையாளர் அதிகம், பார்வையாளரைக் காட்டினால் ஸ்பான்சர் வருவார் என்ற கணக்கு. மாநில அரசின் எழுத்து அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, மறுபடி செய்தால் ஓராண்டு வரை. மைனர் ஓட்டியிருந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பிள்ளைக்கு 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. 2023இல் காஞ்சிபுரம் அருகே சாகசம் செய்து விழுந்த ஒரு யூடியூபரின் உரிமத்தைப் பத்தாண்டுக்கு முடக்கினார்கள். தடத்தில் ஓட்டுபவரைத்தான் தேசியக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. உரிமம் கொடுத்து அடையாளம் காட்டுகிறது. ஸ்பான்சர் கேட்க வேண்டிய முதல் காகிதமும் அதுதான். சாலை வீடியோவுக்குப் பணம் கொடுக்கும் கடைக்காரர், நாளைக்குக் காவல் நிலையத்தில் தன் கடை லோகோவைப் பார்க்க நேரிடும்.

இவ்வளவும் சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள். இங்கே வாய்வார்த்தையில்தான் லட்சக்கணக்கில் வியாபாரம் ஓடுகிறது, பத்திரம் நீட்டினால் “என்னை நம்பலையா தம்பி?” என்று முதலாளி எழுந்துவிடுவார், வந்த வாய்ப்பும் போகும். இதில் நியாயம் இருக்கிறது. வாய்வார்த்தை ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிக்கல் நிரூபிப்பதில்தான். மண்டியில் வாய்வார்த்தை ஓடுவதற்குக் காரணம், இரண்டு பக்கமும் நாளை மறுபடி வரவேண்டியவர்கள் என்பது. வார்த்தை தவறினால் சந்தையே ஒதுக்கிவிடும். ஸ்பான்சர் உறவில் அந்தச் சுழற்சி இல்லை. ஒரு சீசன், ஒரு தொகை, முடிந்தது. தவிர, அதே முதலாளி கடைக்கு வாடகை ஒப்பந்தம் போட்டவர், லாரிக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தவர். பத்திரம் என்ற சொல்தான் அவருக்கு உறுத்தும். “அண்ணாச்சி, உங்க ஆடிட்டருக்குச் செலவுக் கணக்கு காட்ட ஒரு லெட்டர் வேணும்ல, நானே அடிச்சிட்டு வர்றேன்” என்று சொன்னால் அதே காகிதம் அவருக்குச் செய்யும் சேவையாகிவிடும். அதற்கும் மனம் வராவிட்டால், பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை வாங்கி வைக்கலாம். உரிய சான்றிதழோடு கொடுத்தால் நீதிமன்றம் அதையும் சாட்சியமாக ஏற்கும்.

இது பணக்காரர் வீட்டு விளையாட்டு, அதற்கு எதற்கு இத்தனை விழிப்புணர்வு என்றும் கேட்கலாம். கார் பந்தயம் செலவு மிகுந்தது என்பதில் ஐயமில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஸ்பான்சர் ஏமாற்றினால் ஒரு சீசன் போகும். நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு நகைக்கடன் போகும். மோசடிக்காரர்களுக்கும் இந்த இரண்டாவது வீடுதான் குறி. பெரிய நிறுவனத்தின் மார்க்கெட்டிங் ஆள் என்று சொல்லிக்கொண்டு, பத்து லட்சம் ஸ்பான்சர் உறுதி, அதற்குப் ‘பதிவுக் கட்டணம்’, ‘ஜி.எஸ்.டி. முன்பணம்’ என்று முப்பதாயிரம் கேட்கும் போன் அழைப்பு அந்த வீட்டுக்குத்தான் வரும். பணம் கொடுக்க வருகிறவர் பணம் கேட்டால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சொன்னால் வங்கியில் முடக்க வாய்ப்பு உண்டு.

ஒப்புக்கொண்ட பணம் வராவிட்டால் வழிகள் பல, ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. செக் திரும்பினால், திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார். ஒரு தேதி தவறினாலும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளலாம். பாக்கித் தொகைக்கு உரிமையியல் வழக்கு மூன்றாண்டுக்குள் போட வேண்டும். விளம்பரச் சேவை தரும் தனியுரிமைத் தொழிலாக உத்யம் தளத்தில் முன்கூட்டியே பதிந்திருந்தால் (பதிவுக்குக் கட்டணம் கிடையாது), 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கும் நிறுவனத்திடம் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்டுக் குறுந்தொழில் வசதியாக்க மன்றத்தில் வாதாட இடமுண்டு. ஒப்பந்தம் போட்ட பிறகு பதிந்தால் அந்தப் பயன் கிடைப்பது சந்தேகம். இருக்கைக்குப் பணம் வாங்கிய அணி காரே தராவிட்டால், குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டாண்டுக்குள் முறையிடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம்கூட இல்லை. ‘இவர் லாபத்துக்கு ஓடுகிறவர், நுகர்வோர் அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதிடும் என்பதால், பொழுதுபோக்குக்கு ஓடும் அமெச்சூர் என்ற தகுதியைக் காகிதங்களில் காப்பாற்றி வைத்திருப்பது இங்கேயும் உதவும். வக்கீல் கட்டணத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் அங்கே இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்கு முற்றிய பிறகுதான் போக வேண்டும் என்பதில்லை, கையெழுத்துப் போடும் முன் காகிதத்தைக் காட்டி ஆலோசனை கேட்கவும் அதே படியில் ஏறலாம்.